குதிகால் தகடு

பழைய மோட்டார் சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது ஒன்றிரண்டு பட்டறைகளில் நான் பார்க்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம். நம் மெக்கானிக்குகள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் வாங்கினால் எனக்குப் பேச்சு வராது. இதற்கு முன் இரண்டு முறை எழுந்து நின்று, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

தோள்பட்டை தேய்ந்து போனதால் ஐம்பத்தாறு வயதிலேயே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். என்ஜின் இறக்குவது எப்படி, வால்வு அடிப்பது எப்படி என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் பட்டறையிலேயே கற்றுக்கொள்வீர்கள். போனைத் திறந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது போனில் கிடைக்காது.

பழைய வண்டிக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, வண்டியை மாற்றிக் கட்டச் சொல்பவர்கள். பின்பக்கச் சட்டத்தை அறு, அகல டயர் போடு, ஹேண்டில்பாரை உயர்த்து, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சைலன்சரைத் திற என்பார்கள். இன்னொரு கட்சி, கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்பவர்கள். டேங்கில் ஓடும் கோட்டின் அகலத்துக்காகவும், ஒரு போல்ட்டின் தலையில் இருக்க வேண்டிய குறிக்காகவும் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

நான் முதலில் அறுக்கிற கட்சியில்தான் இருந்தேன். ஒரு நல்ல சட்டத்தை அறுத்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே வண்டிக்காரர் வந்து, "பழையபடியே ஆக்கிக் குடுங்கண்ணா" என்றார். அறுத்ததை ஒட்டினால் அது ஒட்டாகத்தானே இருக்கும்? அன்றைக்குக் கட்சி மாறினேன். கட்சி மாறியவனுக்குப் பிடிவாதம் கூடுதல் என்பதை அப்போது நான் அறியவில்லை.

என்னிடம் ஒரு பழைய உதிரிபாகப் புத்தகம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். எனக்கு ஓர் எழுத்து ஓடாது. ஆனால் படங்கள் உண்டு. ஒரு நட்டு, ஒரு வாஷர் விடாமல் பிரித்துப் பிரித்து வரைந்திருப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே நான் தொழில் செய்தேன். படத்தில் இருப்பது வண்டியில் இருக்க வேண்டும். படத்தில் இல்லாதது வண்டியில் இருக்கக் கூடாது. இதுதான் என் சட்டம். 'ஒரிஜினல் வேணும்னா உக்கடத்துல அந்த ஆளுகிட்டப் போ, பேசமாட்டான், ஆனா வேலை பேசும்' என்று ஊருக்குள் சொல்வார்கள். அது என் காதுக்கும் வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.

அப்படி இருந்த நாட்களில் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஒரு பழைய புல்லட் வந்து என் பட்டறை முன்னால் இறங்கியது. கூட வந்தவர் சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டிய ஆள், தன்மையானவர்.

"அப்பாவுக்கு வர்ற தையில எழுபது முடியுதுங்கண்ணா. இது அவரு வாலிபத்துல வாங்குன வண்டி. வாங்குன அன்னிக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வேணும். ஒரு நட்டு மாறப்படாது."

"ஆகட்டுங்க" என்றேன். எனக்கு இதைவிடப் பிடித்த வார்த்தைகளை யாரும் சொல்லியிருக்க முடியாது.

குட்டியானையின் முன் சீட்டிலிருந்து அவருடைய அப்பாவும் இறங்கினார். பெரியவர் என்றே அவரைச் சொல்கிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தடித்த தோல் செருப்பு. நடக்கும்போது இடது பக்கம் லேசாகச் சாய்ந்தார். எழுபதில் யாரும் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். இதில் அந்த இடது பிரேக் பெடலின் மேல் ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து உயர்த்தி, கால் வைக்கும் கம்பியின் பக்கமாக இழுத்து, மேலே ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட் அளவுக்குத் தகடு போட்டிருந்தது. முரட்டு வெல்டிங். யாரோ அவசரத்தில் செய்த வேலை. வண்டி முழுக்கத் துருவும் எண்ணெய் அழுக்குமாக இருந்தது. அந்தத் தகடு மட்டும் பாத்திரக் கடையில் வைத்த மாதிரி மின்னியது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். துருப்பிடித்த வண்டியில் ஓர் இடம் மட்டும் மின்னுகிறது என்றால் அங்கே ஒரு மனிதனின் உடம்பு தினமும் பட்டுக்கொண்டிருக்கிறது. அது எனக்குத் தெரியாதது அல்ல. கண் பார்த்தது. ஆனால் என் புத்தி படத்தில் இருந்தது.

மகன் போன் பேச வெளியே போனார். பெரியவர் குனிந்து அந்தத் தகட்டின் மேல் கையை வைத்தார்.

"தம்பி, இது மட்டும் அப்பிடியே இருக்கட்டுமே."

"படத்துல இல்லீங்கய்யா" என்றேன். புத்தகத்தைத் திறந்து காட்டவும் செய்தேன்.

பெரியவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படத்துல இல்லியா? செரி."

அவ்வளவுதான். மகன் திரும்பி வந்துவிட்டார். 'ஏனுங்கய்யா, இதை எதுக்கு வெச்சீங்க?' என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. பாதி, என் கெட்டிக்காரத்தனம். மீதி, கூச்சம். எங்கள் அப்பா அன்னூர்ப் பக்கம் பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். தோட்டத்துச் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அவர் தலையாட்டிப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் முன்னால் நின்றால் என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். புத்தகம் இருந்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வரும். அந்தத் தைரியத்தைத்தான் அன்றைக்குத் தப்பான இடத்தில் காட்டினேன்.

பெடலில் இருந்த வெல்டிங் ஒட்டை கிரைண்டிங் மெஷினில் அறுத்தேன். தேய்த்து, பாலிஷ் பிடித்து, குரோம் பூச்சுக்கு அனுப்பினேன். கழற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி வண்டியோடு திருப்பித் தருவது நம் தொழிலின் வழக்கம். அந்தச் சாக்கில் எல்லாவற்றையும் போட்டேன். தகட்டை மட்டும் சாமானாகவே நான் மதிக்கவில்லை. அது இரும்புக் குப்பையோடு போனது.

ஏழு மாதம் வேலை செய்தேன். டேங்கின் கோட்டைக் கையாலேயே வரைய ஆள் பிடித்தேன். பல வருடமாக எரியாத பிரேக் விளக்குக்குப் புது ஒயர் இழுத்தேன். அந்த வண்டியில் இடது கால் பெடலை மிதித்தால்தான் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், கைப்பிரேக்குக்கு எரியாது. கடைசியில் வண்டியை வெயிலில் நிறுத்தி, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டேன். ஒரு குறை இல்லை. என் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

தை மாதம் பெரியவரின் பிறந்தநாள் காலையில் வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கினேன். சொந்தக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பின்கட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியவர் ஏறி, பழத்தை நசுக்கி, தெருவில் இறங்கி, மெயின் ரோட்டில் திரும்பி, கோயில் வரை போய்விட்டு வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்த வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து தெரு நேராகச் சரிந்து மெயின் ரோட்டில் போய் முட்டும். ரோட்டில் நூல் மூட்டை ஏற்றிய வேன்களும் பஸ்களும் போய்க்கொண்டே இருக்கும்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். வலது காலால் ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில், வழக்கம்போல ஓரமாக நின்றிருந்தேன். அப்போது அவருடைய இடது காலைப் பார்த்தேன்.

குதிகால் மேலே எழுந்தது. பெடலுக்கு ஒரு சாண் பின்னால் தள்ளி, வெறும் காற்றில், மெதுவாகக் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. பிறகு முன் பாதத்தைப் பெடல் மேல் வைத்து அழுத்தப் பார்த்தார். பாதம் மடங்கவே இல்லை. மரக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. காலை முழுசாகத் தூக்கி முன்னால் தள்ளினார். செருப்பு வழுக்கி வெளியே போனது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. கிளட்சைப் பிடித்தார்.

அந்த மின்னிய தகடு எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அங்கே இருந்த யாருக்கும் அந்தக் காலைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் மகன் அவரை இந்த வண்டியில் ஏற்றியிருக்க மாட்டார்.

முன் கைப்பிரேக் ஒன்றை நம்பி அந்தச் சரிவில் அந்தக் கனமான வண்டியை நிறுத்த முடியாது. 'ஐயாவுக்குக் கால் மடங்கல, இறக்குங்க' என்று கத்தலாம். அவர் பிழைப்பார். ஆனால் இத்தனை வருடம் அவர் மறைத்து வைத்ததை, அவருடைய எழுபதாவது பிறந்தநாளில், அவர் வாசலிலேயே நான் அவிழ்த்துக் கொட்டியதாக ஆகும். பேசாமல் இருக்கலாம். எனக்கு நன்றாகப் பழக்கமானது அதுதான்.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் போய், ஹெட்லைட் மேல் இருந்த சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். என்ஜின் நின்றது. எல்லாக் கண்ணும் என் மேல்.

"மன்னிச்சுருங்க. பிரேக்க நான் சரியா மாட்டல. இப்பத்தான் ஞாபகம் வந்துது."

மகனின் முகம் சுருங்கியது. "என்னங்கண்ணா இது? ஏழு மாசம் வெச்சிருந்தீங்களே."

"தப்புத்தானுங்க."

கூட்டத்தில் பெரியவரின் மைத்துனர் ஒருவர் இருந்தார். மீசைக்காரர், சத்தமாகப் பேசுகிறவர். "ஏனுங்க மெக்கானிக்காரரே, பிரேக்கு இல்லாமத்தான் எங்க மாப்பிள்ளைய மெயின் ரோட்டுக்கு அனுப்பிவுடப் பாத்தீங்களா? நாங்க கோயிலுக்குப் போகச் சொன்னா, நீங்க நேரா சாமிகிட்டயே அனுப்பறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலை குனிந்தபடி சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரிங்க, எறங்கிக்கறேன்" என்று மெதுவாக இறங்கினார். மகன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை மறுபடி குட்டியானையில் ஏற்றினேன். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்காமல் வாசலில் கிடந்தன. சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிடாமல் வந்தேன்.

அந்த வாரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. வேலைக்கு விடுவதாக இருந்த ஒரு வண்டிக்காரர் போனில், "கொஞ்சம் தள்ளிப் போடலாம்ங்கண்ணா" என்றார். தள்ளிப் போட்டது போட்டதுதான்.

நான்காம் நாள் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தேன். பெரியவர் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சோமனூரிலிருந்து பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். அந்தக் காலோடு.

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வண்டியைப் பார்த்தார்.

"பிரேக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமாங்கய்யா."

"அப்பறம் எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

"உங்க குதிகால் தேடுச்சுங்க. நான் பாத்துபோட்டேன்."

வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு இடது செருப்பைக் கழற்றினார். கணுக்காலில் பழைய தழும்பு. பாவு நூல் சுற்றிய பீம் உருளை ஒன்று தறிக்கு ஏற்றும்போது சரிந்து விழுந்ததாம். சுளுக்கு என்று வீட்டில் சொல்லி எண்ணெய் போட்டுக்கொண்டாராம். வருடம் போகப் போக மூட்டு இறுகி, பாதம் அசைவதே நின்றுவிட்டது. சோமனூரில் வெல்டிங் வைத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அன்னூரில் போய் அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பையன்கிட்ட சொல்லியிருக்கலாமுங்களே ஐயா."

"சொன்னா சாவியப் புடுங்கிக்குவான் கண்ணு. பாசத்துலதான் புடுங்குவான். அன்னூர்ல நாலு ஏக்கரா இருக்குது, வாரத்துல ரெண்டு நாள் போயி தண்ணி உட்டுட்டு வருவேன். அப்பறம் நானு கார்ல பின்சீட்டுல ஏத்தி எறக்கற சாமான்தான்."

"அன்னிக்கு இங்க வந்தப்ப என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க படத்தக் காட்டிப்போட்டீங்களே."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

பழைய தகட்டைத் தேடிப் பயனில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டது எந்த உலையில் எரிந்ததோ. என் போனில் வண்டியைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டின் நடுவில் குதிகால் வடிவத்திலேயே குழி விழுந்திருந்தது. அவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்ததை, இங்கிலீஷ் புத்தகம் படிக்கத் தெரியாத நான், படிக்கத் தெரியாமலேயே விட்டிருக்கிறேன்.

அவரை வண்டியில் உட்கார வைத்தேன். குதிகாலில் சாக்பீஸ் பொடி தடவி, ஓர் அட்டையைப் பெடல் பக்கம் பிடித்து, "கண்ண மூடிட்டு பிரேக் புடிங்கய்யா" என்றேன். அட்டையில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. அதுதான் அளவு. அதை எடுத்துக்கொண்டு கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். இந்த முறை வெல்டிங் வைக்கவில்லை. பெடலைக் கவ்விக்கொள்ளும் மாதிரி ஒரு பிடி, அதன் மேல் தகடு, இரண்டு போல்ட். குரோமில் கீறல் விழாமல் இடையில் ரப்பர். வேண்டாம் என்றால் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் படத்தில் உள்ள பெடல் அப்படியே இருக்கும்.

ஆனால் தகடு செய்துவிட்டால் என் வேலை முடிந்ததா? மகனுக்குத் தெரியாமல், கால் மடங்காத ஒருவரை மறுபடி அந்தச் சரிவில் அனுப்பலாமா? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். பூட்டியிருந்த ஒரு குடோன் முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"பத்துத் தடவை வாங்க. பத்துத் தடவையும் கோட்டுக்குள்ள நிக்கணும். ஒண்ணு தப்புனாலும் நானே உங்க பையன்கிட்ட சொல்லிருவேனுங்க."

கோட்டைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி நான் நின்றேன்.

"தள்ளி நில்லுங்க தம்பி."

"நிறுத்துவீங்கன்னா நான் எதுக்குங்க தள்ளணும்?"

இதை நீங்கள் யாரும் செய்ய வேண்டாம். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தெருவில் குறுக்கே வருகிறவனுக்கு நடக்கக் கூடாதது எனக்கும் நடக்கக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன்.

ஐந்து முறை நின்றார். ஆறாவது முறை முன்சக்கரம் கோட்டைத் தாண்டி வந்து என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. 'சொல்லிருவேன்' என்றது ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். நான் உட்கார்ந்து பெடலைப் பார்த்தேன். பிடி அரை அங்குலம் பின்னால் இருந்ததால் அழுத்தம் முழுசாகப் போகவில்லை. அது அவர் காலின் தப்பு இல்லை, என் அளவின் தப்பு. முன்னால் நகர்த்தி இறுக்கினேன். முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். பத்துக்குப் பத்து நின்றார்.

"பையன்கிட்ட நீங்களே சொல்லிருங்கய்யா" என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் மேலே வற்புறுத்தவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை.

அடுத்த வாரம் வண்டியை மறுபடி அவர்கள் வாசலில் இறக்கினேன். கூட்டம் இல்லை, வீட்டு ஆட்கள் மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் போன தடவை பாதியில் நின்றதைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மீசைக்கார மைத்துனரும் இருந்தார். புதிதாக இரண்டு எலுமிச்சம்பழம். மைத்துனர்தான் குனிந்து முதலில் பார்த்தார்.

"என்னப்பா இது, பெடல்ல எதையோ ஒட்டிக் கொண்டாந்திருக்காரு? போன தடவ பிரேக்கு இல்ல, இந்தத் தடவ ரெண்டு பிரேக்கா?"

மகனும் குனிந்து பார்த்தார். "அண்ணா, ஒரிஜினல்னு அத்தனை தடவை சொன்னனே. இது ஒரிஜினல் இல்லீங்களே."

நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். பெடல் பழசு, வலுவுக்கு வைத்தேன் என்று சொல்வதாக இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"என்ற காலும் ஒரிஜினல் இல்ல கண்ணு."

வேட்டியை முழங்கால் வரை தூக்கி, இடது செருப்பை உதறிவிட்டு, காலை வண்டியின் கம்பி மேல் வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"போன தடவ பிரேக்குல ஒரு கொறையும் இல்ல. கொறை இதுல. பதினஞ்சு வருசமா இது மடங்காது. இவருக்கு அது தெரிஞ்சுபோச்சு. இத்தன பேரு முன்னால என்னையக் காட்டிக் குடுக்காம, தன்ற பேரக் கெடுத்துட்டுப் போனாரு. மச்சான், நீங்க அன்னிக்கு நல்லாச் சிரிச்சீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்குச் சோறு எறங்கல."

மைத்துனர் மீசையைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க... தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அந்த 'ஏனுங்க' போன தடவைச் சொன்னது மாதிரி இல்லை. நான் வண்டி துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவரின் சம்சாரம் நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருசமா உங்க எடது செருப்புல குதிகால் மட்டும் தேயுது. செருப்பு வாங்கியாந்து போடறவ நானு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்?"

பெரியவர் திகைத்துவிட்டார். "ஏன் அம்மணி, நீ சொல்லவே இல்லியே?"

"நீங்க சொன்னீங்களா?"

நான் மெக்கானிக். அந்தத் தேய்மானத்தைப் படித்தது அந்த அம்மா.

மகன் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தகட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பெரியவரின் கண் அந்தப் பையிலேயே இருந்தது.

"இது நிக்குமாண்ணா?"

"நிக்குதுங்க. பத்துக்குப் பத்து."

"எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"குடோன் வாசல்லீங்க. நான் முன்னால நின்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, சாவியை எடுத்து, ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். உள்ளே போய் ஹெல்மெட் கொண்டுவந்து அப்பாவின் தலையில் மாட்டி, வாரை இறுக்கினார். சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"ஏறுங்கப்பா. நானும் பின்னால உக்காந்து வாரேன்."

"நீ எதுக்கு?"

"சின்ன வயசுல நீங்க கேக்காம ஏத்திட்டுப் போனீங்க. இப்ப நானு கேக்காம ஏறிக்கறேன்."

"ரெண்டு பேரும் முழுசா வாங்க, சோறு ஆறிப்போகும்" என்றார் அந்த அம்மா.

தம்பிகளே, தங்கச்சிகளே. வண்டியை மாற்றலாமா, இருந்தபடி வைக்கலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறீர்கள். நான் இன்னும் ஒரிஜினல் கட்சிதான். சட்டத்தை அறுக்காதீர்கள். மாற்றினால் திரும்பக் கழற்றுகிற மாதிரி மாற்றுங்கள். ஆனால் படத்தில் இல்லாத ஒன்றை வண்டியில் பார்த்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டுகிறவரிடம் அது எதற்கு என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை எனக்காக அன்றைக்கு அந்தப் பெரியவர் ஊர் முன்னால் வேட்டியைத் தூக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

எலுமிச்சம்பழம் இரண்டும் சத்தத்தோடு நசுங்கின. வண்டி தெருவில் இறங்கியது. மகன் அப்பாவின் தோளைப் பிடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே எல்லாரும் வந்து நின்றோம். சரிவில் வண்டி வேகம் பிடித்தது. கீழே மெயின் ரோட்டில் ஒரு நூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

தெருமுனையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேன் கடந்து போகும்வரை எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. வண்டி கோயில் பக்கம் திரும்பியது.